மச்சான் எழுதாமல் விட்ட ஸ்காட்லாந்துப் பயணம்

1

எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் பொங்கல் மலர் போன வாரம் கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. பரவையிலிருந்து என் தங்கை விமானத் தபாலில் அனுப்பியிருந்தாள். அதன் பதினேழாம் பக்கத்தில், ‘ஸ்காட்லாந்து கிராமங்களில் காரில் பத்து நாள்: பயணிகளுக்கு உபயோகமான யோசனைகள்’ என்று ஒரு கட்டுரை. எழுதியவர் வேலுச்சாமி. பரவையில் அரிசி மண்டி வைத்திருக்கிறாரே, அவரேதான். என் மனைவி சரோஜாவின் அண்ணன், எனக்கு மச்சான்.

போன ஜூலையில் அந்தப் பத்து நாளும் காரை ஓட்டியவன் நான். மச்சானுக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. எனக்கோ அதுதான் பிழைப்பு. ஊர்ப்பக்கம் பி.ஏ. முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தவன் நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பட்டத்தை மேசைமேல் விரித்தேன். அந்த அதிகாரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “பஸ் ஓட்டுவீர்களா?” என்று கேட்டார். அன்று தொடங்கி இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். சாலையைப் பற்றி யாராவது யோசனை சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தகுதி எங்கள் வீட்டில் எனக்குத்தான் உண்டு.

கட்டுரையில் உள்ள பொய்களைக்கூட மன்னித்துவிடுவேன். ஐந்தாவது யோசனையை மன்னிக்க மாட்டேன். அதை அப்படியே தருகிறேன்:

‘போகும் இடத்தை அந்நியரிடம் சொல்லாதீர்கள். என் தங்கை மகள், வெளிநாட்டில் வளர்ந்து தன் பெயரைக்கூட ஆஞ்ஜி என்று மாற்றிக்கொண்ட பெண், பெரியவர்கள் பேச்சை மீறி எங்கள் பயணத்தை ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கே பயணம் கெட்டது. நான் மலையில் விழுந்து கால் முறிந்து, கருப்பசாமி கிருபையால் உயிர் பிழைத்தேன்.’

சரோஜா இதை அடுப்படியில் நின்று சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போட்டோ அச்சில் வந்த பெருமை அவளுக்கு. ‘பெரியவர்கள் பேச்சை மீறி’ வரைக்கும் வந்தவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. தமிழ் படிக்க வராது, ஆனால் காதில் விழுந்தால் ஒன்று விடாமல் புரியும்.

“மிச்சத்தையும் படிங்கம்மா,” என்றாள்.

சரோஜா படித்தாள். வேறு என்ன செய்வாள்?

“அப்ப மாமா விழுந்தது என்னாலயாப்பா?”

இல்லை என்று நான் ஆயிரம் முறை சொன்னேன். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: “சித்திரைத் திருவிழாக்கு நான் வரலப்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அங்க எல்லாரும் அதப் படிச்சிருப்பாங்கல்ல?” மூன்று வயதில் பரவையை விட்டு வந்த பிள்ளை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கு வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த டிக்கெட் இப்போது அலமாரியில் கிடக்கிறது.

அதனால்தான் எழுதுகிறேன். சித்திரைக்கு முன்னால் சங்கம் போடும் அடுத்த மலரில் ஆசிரியர் இதையும் ஒரு வரி குறைக்காமல் போட வேண்டும்.

2

முதலில் யோசனைகள். யாராவது மச்சான் எழுதியதை நம்பி இங்கே வந்து காரை எடுத்தால் முதல் நாளே ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள்.

‘சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஹாரன் அடித்து முன்னேறவும்’ என்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். மலைப்பக்கத்துச் சாலைகள் ஒரு வண்டி போகிற அகலம்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் சற்று அகலப்படுத்தி, பலகை நட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் நின்று மற்றவருக்கு வழி விட வேண்டும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்றுகொள்ளுங்கள், எதிரே வருகிறவர் அதில் ஒதுங்கிப் போவார். போகும்போது கையைத் தூக்குவார், நீங்களும் தூக்க வேண்டும். திண்டுக்கல் ரோட்டில் லாரிக்கு பஸ் ஒதுங்கும், பஸ்ஸுக்குக் கார் ஒதுங்கும், காருக்கு மாட்டுவண்டி ஒதுங்கும். இங்கே அந்தக் கணக்கு இல்லை. மச்சான் பக்கத்து இருக்கையிலிருந்து குறுக்கே கையை நீட்டி ஹாரனை அமுக்கினார். எதிரே காரில் வந்த பாதிரியார் பயந்துபோய் பின்னாலேயே கால் மைல் போனார். இதைத்தான் மச்சான் ‘வெள்ளையர் நமக்கு மரியாதை தந்தனர்’ என்று எழுதியிருக்கிறார்.

சாலையில் ஆடுகள் படுத்திருக்கும். முதுகில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் தடவியிருக்கும். மேய்ப்பவர் யாரும் இருக்க மாட்டார். மச்சான் அதைப் பார்த்துக் கைகூப்பி, “அம்புட்டும் நேந்து விட்ட ஆடு மாப்ள, ஒண்ணுமேல மோதிப்புடாதீங்க,” என்றார். கட்டுரையிலும் ‘இங்கும் கோயிலுக்கு ஆடு நேர்ந்துவிடும் வழக்கம் உண்டு’ என்று அடித்துவிட்டிருக்கிறார். அது எந்த ஆடு யாருடையது என்று தெரிய வைக்கும் அடையாளம். நான் அன்றைக்கே சொன்னேன். அவர் நம்பவில்லை.

பெட்ரோல் டாங்கில் பாதி குறைந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தில் பெட்ரோல் பங்கு, கடை, டீ எதுவும் கிடைக்காது. குடை கொண்டுவராதீர்கள், காற்று முதல் நிமிஷத்திலேயே அதைப் பிடுங்கிக்கொள்ளும். மழைக்கோட்டு வாங்குங்கள். ‘கொசுவே இல்லாத நாடு’ என்று மச்சான் எழுதியது பச்சைப் பொய். மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கடுகில் பாதிகூட இருக்காது. சாயங்காலம் காற்று நின்றதும் கூட்டமாக வந்து கடிக்கும். மச்சானுடைய வழுக்கைத் தலையை அது என்ன பாடு படுத்தியது என்று என் தங்கையிடம் கேட்டால் நான் அனுப்பிய போட்டோவைக் காட்டுவாள்.

புல்லை நம்பிக் காரைச் சாலையை விட்டு இறக்காதீர்கள். இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

3

ஒரு ஏரிக்கரையில் மிஸஸ் மன்ரோ என்ற அம்மாளின் வீட்டில் நாலு இரவு தங்கினோம். வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போடுவார்கள். கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளில் தங்குங்கள், ஓட்டலைவிட நல்லது. அறுபதைத் தாண்டிய விதவை அந்த அம்மாள். முதல் நாள் காலையில் மச்சான் ஷூ மாட்டி வாசல்படி இறங்கும் நேரம் பார்த்து மிஸஸ் மன்ரோ பின்னால் வந்து கேட்டார்: “இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?”

பரவையில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கலாமா? கேட்டே ஆக வேண்டுமென்றால் “தூரமா?” என்போம். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டோம். என் அப்பா பஸ்ஸுக்கு நேரமானாலும் யாராவது கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். மச்சானும் அதையே செய்தார். உள்ளே வந்தார். ஷூவைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். பத்து நிமிஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மிஸஸ் மன்ரோ தன் ஓட்ஸ் கஞ்சி அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, முகம் வாடிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் இதே கதை.

மலைப்பக்கத்தில் இப்படிக் கேட்பது வம்பு அல்ல. சாயங்காலம் ஆள் திரும்பவில்லை என்றால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் கேட்கிறார்கள். பதிமூன்று வருடமாக இங்கே இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தப் பொம்பள இன்னைக்கும் வாசல்ல நின்னு கேக்கும். கேட்டா வேற ஊரச் சொல்லிப்புடுங்க. நாம மேக்க போறமா, நீங்க கெழக்கனு சொல்லுங்க. திருஷ்டியும் போகும், அது வாயும் அடங்கும்.”

“அது தப்பு மச்சான். இவங்க அதுக்குக் கேக்கல.”

“எனக்குத் தெரியாதா மாப்ள? பதிமூணு வருசத்துல நீங்களும் வெள்ளக்காரனாப் போயிட்டீங்க, அம்புட்டுத்தேன்.”

இந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்தேன். வெளிநாட்டில் இருக்கிற எவனும் இந்தச் சொல்லுக்கு விழுவான். மிஸஸ் மன்ரோ வாசலில் கேட்டதும், “இன்வர்னஸ் பக்கம்” என்று கூசாமல் சொன்னேன். உண்மையில் நாங்கள் போனது அதற்கு நேர் எதிர்த்திசையில், அணைக்கட்டைத் தாண்டி உள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு. என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காரில் ஏறியவள், “ஸ்கார்ஃப மறந்துட்டேன்,” என்று இறங்கி உள்ளே ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கழுத்தில் ஸ்கார்ஃப் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

4

மத்தியானம் புளியோதரை சாப்பிட மச்சான் ஓர் இடம் காட்டினார்.

“ஓரமா எறக்குங்க மாப்ள, பச்சப் புல்லா இருக்கு.”

இறக்கினேன். புல்லுக்கு அடியில் சதசதவென்று சேறு. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டன. தினம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவன், மண்டி முதலாளி சொன்னார் என்று புல்லில் காரை இறக்கினேன். நாலு பேரும் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியாகப் பார்த்த வீடு எட்டு மைல் பின்னால். சாலையில் ஈ காக்காய் இல்லை.

சரி, யாராவது வருவார்கள் என்று சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகுதான் மச்சானுக்கு அந்த அவசரம் வந்தது.

இதை அச்சில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘இயற்கை எழிலை ரசிக்க மலையேறினேன்’ என்று அவர் எழுதிய பிறகு எனக்கென்ன தயக்கம்? எங்கள் ஊரில் கருவேல மரம் இருக்கும், கண்மாய்க்கரை மேடு இருக்கும், நாலு எட்டில் மறைந்துகொள்ளலாம். அங்கே மரமில்லை, புதரில்லை, முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றுமே கிடையாது. எத்தனை தூரம் போனாலும் திரும்பிப் பார்த்தால் கார் தெரிகிறது. கார் தெரிந்தால் தங்கச்சியும் மருமகளும் தெரிகிறார்கள். மானமுள்ள மனுஷன் என்ன செய்வார்? போய்க்கொண்டே இருந்தார். மேடேறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார். “மச்சான், அம்புட்டுத் தூரம் வேண்டாம்!” என்று நான் கத்தியது காற்றில் போய்விட்டது.

கால் மணி நேரத்தில் மேட்டின்மேல் மூடுபனி இறங்கியது. அரைமணியில் காரின் முன்பக்க விளக்குகூடத் தெரியவில்லை. மச்சான் வரவில்லை.

கூப்பிட்டோம். தொண்டை வறளக் கூப்பிட்டோம். ஹாரனை விட்டு விட்டு அமுக்கினேன். நான் தேடிப் போகலாம் என்று இறங்கினால் சரோஜா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் போயிட்டா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது?” என்று அழுதாள். மணி மூன்றானது, நாலானது, ஐந்தானது.

அப்போது எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தது. ஒரு சித்திரை வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அன்று திரும்பவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கிளம்பும்போது பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது தப்பல்லவா? மேலூர்ப் பக்கம் இரண்டு நாள் தேடினோம். அவர் வெயில் தாங்காமல் விழுந்து கிடந்தது அலங்காநல்லூர் பக்கம், வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில். தூக்கி வந்தபோது உயிர் இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த நான்தான் காலையில் வாய் கூசாமல் ‘இன்வர்னஸ்’ என்று சொன்னேன்.

“யாரும் வர மாட்டாங்க சரோஜா. நான் அந்த அம்மாகிட்ட வேற ஊரச் சொல்லிட்டேன்,” என்றேன்.

பின் இருக்கையிலிருந்து என் மகள் சொன்னாள்: “வருவாங்கப்பா. நான் எழுதி வச்சிட்டு வந்தேன்.”

5

ஆறு மணிக்கு நாங்கள் திரும்பவில்லை என்றதும் மிஸஸ் மன்ரோ போனை எடுத்திருக்கிறார். ஏழரைக்கு அந்த ஊர்ப் போலீஸ்காரர் ஒருவரும், ஆடு வளர்க்கிற நாலு பேரும், மூன்று நாய்களும் இரண்டு ஜீப்பில் நேராக எங்கள் காருக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆடு வளர்க்கிறவர்களுக்கு அதில் சம்பளம் கிடையாது. ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்ததாகச் சொன்னார். ஜூலை மாதம் அங்கே பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஒன்பது மணிக்கு மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்கால் முறிந்து, இடுப்பு வரைக்கும் சேற்றுத் தண்ணீரில் நனைந்து, உதடெல்லாம் நீலம் பாரித்து, பேச்சு வரவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். அது இன்றைக்கும் பரவையில் மச்சான் பீரோவில் இருக்கிறது. கட்டுரையில் அந்த மனிதரைப் பற்றி அரை வரி உண்டா என்று பாருங்கள். கருப்பசாமி இருக்கிறார். நாய் வளர்த்தவர்கள் இல்லை.

போலீஸ்காரர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “அந்தச் சீட்டு இல்லையென்றால் நாங்கள் இன்வர்னஸ் பக்கம் தேடிக்கொண்டிருப்போம். இவர் காலை வரைக்கும் தாங்கியிருக்க மாட்டார்.”

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, படிவம் நிரப்ப அந்தப் போலீஸ்காரர் வந்தார். இந்த நாட்டில் செத்தாலும் பிழைத்தாலும் ஒரு படிவம் உண்டு. பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண் எல்லாம் ஆன பிறகு ஒரு கேள்வி: வாகனத்தை விட்டுச் சென்றதன் நோக்கம் என்ன?

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, அத மட்டும் சொல்லிப்புடாதீங்க. சர்க்காரு பேப்பர்ல ஏறிப்போகும்.”

‘இயற்கை எழிலை ரசிக்க’ என்று நான்தான் எழுதச் சொன்னேன். அவர் மானத்தைக் காப்பாற்ற நான் சொன்ன அந்த வாசகத்தைத்தான் மச்சான் இப்போது கட்டுரையில் போட்டிருக்கிறார். என் மகள் மானத்தைப் பற்றி அவருக்கு நினைவு வரவில்லை.

6

‘பெயரை மாற்றிக்கொண்ட பெண்’ என்கிறாரே, அங்கயற்கண்ணி என்ற அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். தாய்மாமன் அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். வலியில் அவள் அழுதபோது கூடச் சேர்ந்து அழுத மனுஷன். இங்கே பள்ளிக்கூடத்து டீச்சருக்கு முழுப்பெயர் வாயில் நுழையவில்லை, ஆஞ்ஜி ஆக்கிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு என்ன செய்யும்? நான் ஒரு நாள் லீவு போட்டுப் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேண்டுமென்றே பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. அவள் சொன்னாள், அதனால் விழுந்தேன் என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார். என் கோபம் இதனால் குறைந்ததா என்றால், இல்லை. மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நம்பட்டும். உயிரைக் காப்பாற்றிய பிள்ளையை ஊர் பூராவும் படிக்கிற மலரில் எப்படிக் குற்றவாளியாக நிறுத்தலாம்? அதைப் படித்துவிட்டு சரோஜாவின் சின்னம்மா, ‘பொம்பளப் பிள்ளையக் கண்டிச்சு வளர்க்கக் கூடாதா’ என்று கடிதம் எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் இந்தக் கட்டுரைதான், சின்னம்மாவும் படிக்கட்டும்.

அந்தச் சீட்டை மிஸஸ் மன்ரோ அடுப்படிச் சுவரில் குத்தி வைத்திருந்தார். கிளம்பும் நாளன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். ஆங்கிலத்தில் ஐந்து வரி: ‘நாலு பேர். பச்சைக் கார், எண் கீழே. அப்பா ஊரைத் தவறாகச் சொல்லிவிட்டார். நாங்கள் போவது அணைக்கட்டுக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கு. ஆறு மணிக்குத் திரும்பிவிடுவோம்.’ பொய் சொன்னார் என்று எழுதவில்லை. தவறாகச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாள்.

கடைசியில் கையெழுத்து மட்டும் தமிழில். அங்கயற்கண்ணி. கோணல்மாணலாக, ஆனால் ஓர் எழுத்துகூடப் பிசகாமல். அவளுக்கு எழுதத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

“வெள்ளக்கார அம்மாவுக்குத் தமிழ் எப்படித் தெரியும்னு இதுல எழுதின?” என்று அன்றைக்கே கேட்டேன்.

“முக்கியமான பேப்பர்ல முழுப்பேர் போடணும்னு நீங்கதானப்பா சொல்வீங்க,” என்றாள்.

அந்தச் சீட்டின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் அதை மச்சான் போட்டோ போட்ட அதே அளவில், அதே பதினேழாம் பக்கத்தில் போட வேண்டும். அச்சானதும் ஒரு பிரதியை விமானத் தபாலில் அனுப்புங்கள். சரோஜா அதையும் அடுப்படியில் நின்று சத்தம்போட்டு வாசிப்பாள். அதைக் கேட்டுவிட்டு என் மகள் அலமாரியிலிருந்து டிக்கெட்டை எடுப்பாள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

அப்படி அவள் சித்திரைக்கு வந்தால், பரவைக்காரர்களுக்கு என் பங்குக்கு ஒரே ஒரு யோசனை. காலையில் அவள் வாசல்படி இறங்கும்போது, உங்களில் ஒருவராவது கூசாமல் எதிரே வந்து, “எங்க தாயி போற?” என்று கேளுங்கள். போகிற இடத்தையும் சொல்வாள், திரும்பி வருகிற நேரத்தையும் சொல்வாள்.